ஹெலிகாப்டர் இலவசம் சரி, டிக்கெட் யார் காசு?

விமானக் கம்பெனிகள் தரும் சலுகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் கேட்பது டிக்கெட் யார் காசு என்பதைத்தான். சொந்தக் காசு என்றால் அந்தச் சலுகைகளில் பாதி வெறும் பகட்டு. ஆபீஸ் காசு என்றால் கதையே வேறு.

இதற்குப் பழைய அமெரிக்க விமானக் கம்பெனியான பான் ஆமைப் போல நல்ல உதாரணம் கிடைக்காது. எண்பதுகளில் நியூயார்க்கில் அவர்களுடைய முதல் வகுப்பு, பிசினஸ் வகுப்புப் பயணிகளுக்கு ஊருக்குள்ளிருந்து கென்னடி விமான நிலையம் வரை ஹெலிகாப்டர் இலவசம். மன்ஹாட்டனின் கிழக்கு ஓரத்தில், ஆற்றங்கரையில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் பான் ஆம் முனையத்தில் இறங்கிவிடலாம். டாக்ஸியில் போனால், மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் சாதாரணம். கேட்கும்போது யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெலிகாப்டர் நம் வீட்டு வாசலுக்கு வராது. அது நிற்கும் இடத்துக்கே டாக்ஸி பிடித்துத்தான் போக வேண்டும். அது கிளம்பும் நேரத்துக்கு முன்னாலேயே போய்க் காத்திருக்க வேண்டும். பெரிய பெட்டிகள் என்றால் எடைத் தொல்லை வேறு. எல்லாம் கழித்தால் அரை மணி நேரம் மிஞ்சலாம். அந்த அரை மணியையும் வெளிநாட்டு விமானத்துக்காக முன்கூட்டியே போய் லவுஞ்சில் உட்கார்ந்து செலவழிப்போம். இதில் இன்னொரு வேடிக்கை: மேகம் தாழ்ந்து மூடுபனி இறங்கினால் ஹெலிகாப்டர் கிளம்பாது. ரோடு ஸ்தம்பிப்பதும் பெரும்பாலும் அதே மாதிரி நாளில்தான்.

அப்புறம் எதற்குக் கொடுத்தார்கள்? லண்டனுக்குப் போகும் ஒரு வங்கி அதிகாரியை நினைத்துப் பாருங்கள். டிக்கெட் போடுவது அவருடைய ஆபீஸ். கட்டணத்தில் 200 டாலர் குறைத்தால் லாபம் ஆபீசுக்கு. அவருக்கு அதில் என்ன? அதே பணத்தை ஹெலிகாப்டராக மாற்றிக் கொடுத்தால் சுகம் முழுவதும் அவருக்கு. எந்த விமானத்தில் போவது என்று முடிவெடுப்பவரும் பல சமயம் அவர்தான். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய மைலேஜ் திட்டத்தின் (பறந்த தூரத்தை மைல்களாகச் சேர்த்து இலவச டிக்கெட் வாங்கும் திட்டம்) சூட்சுமமும் இதுவே. பில் ஆபீசுக்கு, மைல்கள் ஊழியருக்கு. பச்சையாகச் சொன்னால் இது ஒருவகை மரியாதையான லஞ்சம். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்குக் கொடுத்தால் நானும் ஏறிப் போவேன். சொந்தச் சேமிப்பை எடுத்து அந்த டிக்கெட்டை வாங்குகிறவரைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. தன் காசில் தனக்கே லஞ்சம் கொடுத்துக்கொள்கிறார்.

பான் ஆமுக்கும் அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1981இல் தன் பெயர் தாங்கிய கட்டடத்தை விற்றார்கள். 1985இல் பசிபிக் வழித்தடங்களை 75 கோடி டாலருக்கு யுனைடெட் ஏர்லைன்ஸிடம் கொடுத்தார்கள். 1991 டிசம்பரில் கம்பெனியே மூடப்பட்டது. ஹெலிகாப்டரால் மூழ்கியது என்று சொல்லவில்லை, காரணங்கள் நிறைய. ஆனால் சலுகைக்காக வந்த பயணி, வேறொருவர் அதைவிடப் பெரிய சலுகை தந்தால் அங்கே போய்விடுவார்.

நியூயார்க்கில் இருந்த அந்தப் பான் ஆம் கட்டடத்தின் உச்சியிலேயே ஒரு ஹெலிகாப்டர் தளம் இருந்தது. 1968இல் நின்றுபோன சேவையை 1977 பிப்ரவரியில் மறுபடி தொடங்கினார்கள். அந்த மே 16 அன்று, பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது நின்றிருந்த ஹெலிகாப்டரின் சக்கரக் கால் முறிந்து, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. சுழன்றுகொண்டிருந்த இறக்கை பட்டு மொட்டைமாடியில் நான்கு பேர் இறந்தார்கள். இறக்கைத் துண்டு ஒன்று தெருவில் விழுந்து, நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் கொன்றது. அந்தத் தளம் அதோடு மூடப்பட்டது. அந்தப் பெண் எந்த விமானத்துக்கும் டிக்கெட் வாங்கியவர் அல்ல. இந்தச் சலுகையின் விலையில் ஒரு பங்கை எப்போதும் கீழே இருப்பவர்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். விபத்து இல்லாத நாளில் அது சத்தம். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக் விமான நிலையங்களுக்கு இடையே 1978 முதல் ஓடிய ஹெலிகாப்டர் சேவையை எதிர்த்தும் கீழே குடியிருந்தவர்கள் சத்தத்தைச் சொல்லித்தான் போராடினார்கள். எம்25 சுற்றுச்சாலையில் அந்த இரண்டுக்கும் இடையிலான பகுதி தயாரானதும், 1986இல் அந்தச் சேவைக்கு முடிவு கட்டினார்கள்.

ஹெலிகாப்டருக்கு நியாயம் உள்ள இடமே இல்லையா என்றால், நீஸ்–மொனாக்கோவைச் சொல்லலாம். மொனாக்கோவில் விமான நிலையம் கிடையாது, நீஸிலிருந்து ஏழு நிமிடப் பறப்பு, கீழே கடற்கரைக் காட்சி. ஆனால் அங்கேயும் ரயில் இருக்கிறது, சில யூரோ கொடுத்தால் போதும்.

சொந்தக் காசில் பறக்கிற நமக்கு எது சலுகை? வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு வருகிறவரைக் கேட்டுப் பாருங்கள். கூடுதலாகப் பத்து கிலோ என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அடுத்த விமானத்துக்கு இடையில் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் ஓட்டல் அறை தருகிற கம்பெனிகள் உண்டு. குழந்தையோடு போகிறவருக்கு அது ஹெலிகாப்டரைவிட நூறு மடங்கு மேல்.

இப்போது மறுபடி அதே கதை பேட்டரியில் வருகிறது. 2022இல் டெல்டா ஏர்லைன்ஸ், ஜோபி என்ற மின்சார விமானக் கம்பெனியில் 6 கோடி டாலர் முதலீடு செய்தது. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் பயணிகளை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போவதுதான் திட்டம். ஹெலிகாப்டரைவிடச் சத்தம் மிகக் குறைவு என்கிறார்கள், அது நிஜமாகவே நல்ல விஷயம். தொடக்கத்தில் உயர் வகுப்புக்காரர்களுக்கு இலவசமாகவே கொடுத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் இலவசமாகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அபுதாபியின் எதிஹாட் விமானக் கம்பெனி 2017இல் பிசினஸ் வகுப்புக்கான இலவசக் கார் சேவையை அபுதாபி தவிர மற்ற ஊர்களில் அப்படித்தான் நிறுத்தியது.

நியூயார்க் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: பென் ஸ்டேஷனிலிருந்து ஜமைக்கா வரை லாங் ஐலண்ட் ரயில், அங்கிருந்து ஏர்டிரெயின் என்ற விமான நிலைய ரயில். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் கென்னடி போய்விடலாம். மூடுபனியானாலும் ஓடும், பெட்டியை யாரும் எடை போடவும் மாட்டார்கள்.