கபமத என்று தட்டினால் கர்சர் நகருமா?

விம் என்கிற எடிட்டரில், அதாவது மவுஸ் இல்லாமல் விசைகளாலேயே ஃபைலைத் திருத்தும் புரோகிராமில், ஜே விசையை நாலு முறை தட்டினால் கர்சர் நாலு வரி கீழே இறங்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருந்ததைக் கவனிக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இப்படியா பழிவாங்குவது?

சர்வரில் ஒரு செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும், அதுதான் வேலை. அங்கே மவுஸ் கிடையாது, நோட்பேட் கிடையாது, விம் மட்டும்தான். # குறியில் தொடங்கும் கமென்ட் வரியில் கர்சர் நிற்கிறது. தட்டினேன், ஜே ஜே ஜே ஜே. விம்மில் சின்ன ஜே என்றால் கீழே இறங்கு. பெரிய ஜே என்றால் அடுத்த வரியை இழுத்து வந்து இந்த வரியின் வாலில் ஒட்டு. நாலு வரியும் ஒட்டிக்கொண்டன. கமென்ட் வரியின் வாலில் ஒட்டியதெல்லாம் கமென்ட்தான், அதை எந்த புரோகிராமும் திரும்பிப் பார்க்காது.

திரை ஏதோ குதித்த மாதிரி இருந்தது. சரி, நடுவில் கொண்டுவந்து பார்க்கலாம் என்று, அன்று காலையில்தான் கற்ற புது வித்தையாக இசட் இசட் அடித்தேன். சின்ன இசட் இரண்டு என்றால் நிற்கிற வரியைத் திரையின் நடுவில் காட்டு. பெரிய இசட் இரண்டு என்றால்? சேமித்துவிட்டு வெளியே போ. போய்விட்டது! "நிச்சயமா சேமிக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கேப்ஸ் லாக் விளக்குதான் வித்தியாசம். ஒரு பக்கம் பார்வை, இன்னொரு பக்கம் பாழ்.

நானோ, ஏதோ தப்பாகத் தட்டியதில் சேமிக்காமல் மூடிக்கொண்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன். கேப்ஸ் லாக்கை அணைத்து, ஃபைலை மறுபடி திறந்து, எண்ணைத் தேடிப் பிடித்து மாற்றி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினேன். ஒட்டிப்போன நாலு வரிகளில் ஒன்று, லாக், அதாவது சர்வீஸ் என்னென்ன செய்தது என்கிற பதிவு, எங்கே எழுதப்பட வேண்டும் என்று சொல்கிற வரி. அன்று மாலை மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் லாக்கைத் தேடினோம். கடைசியில் ஃபைலைத் திறந்து பார்த்த சீனியர் சொன்னது, "ப்ரோ, ஹெச் ஜே கே எல் இன்னும் கைக்கு வரலையா?"

வரவில்லை. ஏன் வர வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே வரும்?

அதே சீனியர்தான், முதல் வாரமே என் செட்டிங்ஸில் நாலு வரி எழுதி அம்புக்குறி விசைகளைச் செத்த விசைகளாக்கினார். "கஷ்டப்பட்டாத்தான் பழகும்" என்றார். நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று கிணற்றில் தள்ளிவிடுவார்களே, அந்த வகை. இடது, கீழ், மேல், வலதுக்கு ஏன் ஹெச், ஜே, கே, எல் என்று கேட்டேன். "கையை எடுக்காம நகரலாம்" என்றார். நானே தேடிப் படித்தபோதுதான் சங்கதி தெரிந்தது. 1976-இல் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய், விம்முக்கு மூதாதையான விஐ எடிட்டரை எழுதியபோது அவரிடம் இருந்த டெர்மினலின், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவியின் பெயர் ஏடிஎம்-3ஏ. அதில் அம்புக்குறிக்கென்று தனி விசையே கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சடித்திருந்தார்கள். எஸ்கேப் விசையும் இப்போது டேப் இருக்கிற இடத்தில், சுண்டு விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதனால் எழுதும் மோடிலிருந்து கட்டளை மோடுக்குத் திரும்ப நிமிடத்துக்குப் பத்து முறை எஸ்கேப் அடிப்பது அவருக்குப் பாரமில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, கையில் இருந்ததை வைத்து அழகாகச் செய்தார். ஆனால் அந்த டெர்மினல் மியூசியத்துக்குப் போய்விட்டது, எஸ்கேப் விசை மூலைக்குப் போய்விட்டது, நான் மட்டும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். பரம்பரைக் கடன் மாதிரி.

எனக்குப் புது விசைப்பலகையே பழகாது என்று சொல்லிவிடாதீர்கள். தமிழ்99-ஐ மூன்று வாரத்தில் கற்றவன் நான். 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு அங்கீகரித்த தமிழ் விசைப்பலகை அமைப்பு. கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் ஐந்து நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, இ, உ விரலுக்கு அடியில், நெடில் ஆ, ஈ, ஊ அவற்றின் தலைக்கு மேலே. 'அம்மா' என்று அடிக்க ம-வை இரண்டு தடவை தட்டு, புள்ளி தானாக விழும். முடிந்தது பாடம், மிச்சத்தை விரல் பார்த்துக்கொண்டது.

இப்போது இந்த இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு விம்மில் தமிழ் எழுதிப் பாருங்கள். ஒரு பத்தி அடித்து, எஸ்கேப் தட்டி, கீழே இறங்க ஜே தட்டினால் ஒன்றும் நடக்காது. தமிழ் இன்னும் அணையவில்லை. நான் தட்டியது ஜே, விம்முக்குப் போனது ப. ஹெச் ஜே கே எல் முழுசாகத் தட்டினால் கபமத. எஸ்கேப் மறந்தால் இன்னும் விசேஷம். ஒரு வரியை அழிக்க டி டி அடிக்கப் போனேன், திரையில் 'உஉ' என்று விழுந்தது. அழிக்கப் போன இடத்தில் இரண்டு பிள்ளையார் சுழி! அணைக்க ஒரு விசை, மோடு மாற்ற ஒரு விசை, மறுபடி தமிழுக்கு ஒரு விசை. இதில் எழுத வந்த வாக்கியம் எங்கே நினைவிருக்கும்?

பெயர்களாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. விம்மில் யாங்க் என்றால் காப்பி. இன்னொரு எடிட்டரான இமாக்ஸில் யாங்க் என்றால் பேஸ்ட். அடப்பாவிகளா, உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா? பழக்க தோஷத்தில் சேமிக்கிறேன் என்று கன்ட்ரோல் எஸ் அடித்தால் டெர்மினலே உறைந்து போகிறது. கன்ட்ரோல் க்யூ அடித்தால்தான் உயிர் வரும் என்று தெரியாமல் மூன்று தடவை விண்டோவையே மூடியிருக்கிறேன்.

விம்மில் நல்லது இல்லாமலில்லை. மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு வேறு எழுத சி, ஐ, மேற்கோள் குறி. சி என்றால் மாற்று, ஐ என்றால் உள்ளே. ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் அதில் இலக்கணம் இருக்கிறது. முந்தைய மாற்றத்தைத் திரும்பச் செய்ய ஒரு புள்ளி, அதற்காக மட்டும் கோயில் கட்டலாம். இந்த வரிசையில் ஆரம்பித்திருந்தால் நான் இன்று இப்படிக் கத்திக்கொண்டிருக்க மாட்டேன். விம்மோடு வருகிற பயிற்சி அரை மணி நேரத்தில் முடியும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. முடிந்தது, முடியவில்லை என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒன்றும் மிச்சமில்லை, அதுதான் பிரச்சினை.

அரைகுறையாகப் பழகியதற்கும் தனியாக தண்டம் கட்ட வேண்டியிருக்கிறது. விம்மில் எழுதிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல் டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும். பிரவுசரில் அது அந்த டேபையே மூடும். முக்கால் மணி நேரம் நிரப்பிய விண்ணப்பத்தில், ஊர்ப் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. கன்ட்ரோல் டபிள்யூ. விண்ணப்பம் போயே போச்சு.

நேற்று ராத்திரி கம்ப்யூட்டரிலிருந்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில், சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று அடித்து முடித்தேன். விரல் சும்மா இருக்கவில்லை. சேமித்து வெளியேற கோலன், டபிள்யூ, க்யூ. தமிழ்99-இல் அது என்னவாக விழும்? அப்படியே போய்விட்டது. அம்மா உடனே போன் செய்துவிட்டார்.

"டிக்கெட் சரிப்பா, கடைசியில என்ன 'ஈஆ'ன்னு போட்டிருக்க? ஆன்னு வாயைத் திறந்து வச்சிருந்தியா, ஈ உள்ள போயிடுச்சா?"