சர்வர் நம்முடையது, மணி யாருடையது?

அலுவலகக் குழு உரையாடலுக்கான கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் சொந்த சர்வரில் நிறுவுவது, லினக்ஸில் ஓரளவு பழக்கம் உள்ளவருக்கு ஒரு பிற்பகல் வேலைதான். அதனால்தானோ என்னவோ, "எதைப் போடலாம்?" என்று கேட்டு வரும் நண்பர்கள் பெரும்பாலும் வசதிகளை ஒப்பிட்ட பட்டியலோடு வருகிறார்கள். எதில் வீடியோ அழைப்பு உண்டு, எதன் தோற்றம் அழகு, அலுவலக உரையாடலுக்கான பிரபல இணையச் சேவையான ஸ்லாக்கைப் போலவே இருப்பது எது என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் முதலில் கேட்கும் கேள்வி அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியில் செய்தி வந்ததும் மணி அடிக்கிறதே, அதை அடிப்பது யார் என்று விசாரித்தீர்களா என்பதுதான் அது.

கோயம்புத்தூரில் பம்புகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் 40 பேர் கொண்ட அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2024ஆம் ஆண்டின் தொடக்கம் வரை எங்கள் அலுவலகம் முழுவதும் வாட்ஸ்அப் குழுக்களில்தான் ஓடியது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு குழு, ஒரு வேலைக்கு ஒரு குழு, முதலாளி இல்லாத ஒரு குழு. எந்தத் திருத்தம் கடைசித் திருத்தம் என்பது, அந்த வாரம் யாருடைய கைபேசி புதிதாக மாறியது என்பதைப் பொறுத்திருந்தது. வேலையை விட்டுப் போனவர் தம் கைபேசியோடு மூன்றாண்டு வரைபடங்களையும் கொண்டு போனார். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை, அவை வேறெங்கும் இருக்கவில்லை. இதைவிட முக்கியமான மனக்குறை பெண் ஊழியர்களிடம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, முகம் தெரியாத ஒப்பந்தக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அவர்களுடைய சொந்த எண் தெரிந்துவிடுகிறது என்பதே அது. அந்த மனக்குறை சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். நாங்கள் மாறியதற்கு அதுவே போதுமான காரணம்.

மாதச் சந்தாவுக்கு ஒரு சேவையை எடுத்துக்கொள்ளலாமே என்பது நியாயமான கேள்விதான். பத்துப் பேருக்குக் குறைவான, கணினியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத அலுவலகங்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் வாடகை வீட்டில் சுவரை இடிக்கும் உரிமை நமக்கு இல்லை, வீட்டுக்காரருக்கு உண்டு. ஸ்லாக் தொடங்கிய காலத்தில், யாரும் பயன்படுத்தக்கூடிய பழைய உரையாடல் நெறிமுறைகளான ஐ.ஆர்.சி., எக்ஸ்.எம்.பி.பி. ஆகியவற்றின் செயலிகள் வழியாகவும் அதற்குள் நுழைய முடிந்தது. 2018 மே மாதத்தில் அந்த வாசல்கள் அடைக்கப்பட்டன. இலவசக் கணக்குகளில் கடைசி 10,000 செய்திகள் தெரியும் என்றிருந்த விதி, 2022 செப்டம்பரில் கடைசி 90 நாட்கள் என்று மாறியது. 2024 ஆகஸ்ட் முதல், அத்தகைய கணக்குகளில் ஓராண்டைக் கடந்த செய்திகள் மறைக்கப்படுவதோடு நிற்காமல் அழிக்கப்படவும் தொடங்கின. இதெல்லாம் அறிவித்துவிட்டுச் செய்ததுதான், அது அவர்களுடைய வியாபாரம். நம் அலுவலகத்தின் நினைவு அந்த வியாபாரத்தோடு சேர்ந்து சுருங்க வேண்டுமா என்பதே நாம் எடுக்க வேண்டிய முடிவு.

சொந்த சர்வரில் இருந்தால் மட்டும் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஹிப்சாட்டின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அட்லாசியன் நிறுவனத்தின் அந்த உரையாடல் சேவைக்கு, சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் பதிப்பும் இருந்தது. 2018 ஜூலையில் அதன் உரிமைகளை ஸ்லாக்கிற்கு விற்றபோது, இணையவழிச் சேவை 2019 பிப்ரவரியில் நின்றதோடு, காசு கொடுத்துச் சொந்த இயந்திரத்தில் வைத்திருந்தவர்களின் பதிப்பும் கைவிடப்பட்டது. இயந்திரம் அவர்களுடையது, மென்பொருள் எழுதப்பட்ட மூலநிரல் அவர்களுடையது அல்ல. ஆகவே மூலநிரலும் திறந்திருக்க வேண்டும் என்று அடுத்த படிக்கு வருகிறோம். அந்தப் படியிலும் கால் வழுக்கும் இடம் ஒன்று உண்டு என்பதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

ஐபோனில் ஓடும் ஒரு செயலியை, அது மூடியிருக்கும்போது, நம் சர்வர் நேரடியாகத் தட்டி எழுப்ப முடியாது. ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழியாக மட்டுமே எழுப்ப முடியும். ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலான செயலிகள் கூகுளின் அதே மாதிரியான சேவையைத்தான் நம்பியிருக்கின்றன. அந்தச் சேவைகள் யார் சொன்னால் கேட்கும் என்றால், அந்தச் செயலியைக் கடையில் வெளியிட்டவர் சொன்னால் கேட்கும், ஏனென்றால் அதற்கான திறவுகோல் அவரிடம்தான் இருக்கிறது. எனவே சொந்த சர்வரில் நிறுவக்கூடிய மேட்டர்மோஸ்ட், ராக்கெட்சாட், ஜூலிப் ஆகிய உரையாடல் மென்பொருட்களில் எதை நாம் நிறுவினாலும், அதன் நிறுவனம் வெளியிட்ட செயலியை ஊழியர்கள் இறக்கிக்கொண்டால், நம் சர்வரில் விழும் ஒவ்வொரு செய்திக்குமான மணியும் அந்த நிறுவனத்தின் இடைச் சேவையைத் தொட்டு, அங்கிருந்து ஆப்பிளுக்கோ கூகுளுக்கோ போய், பிறகுதான் பக்கத்து மேசையில் இருப்பவரின் கைபேசிக்கு வருகிறது. எங்கள் சர்வர் இருப்பது மாடிப்படிக்கு அடியில். எனக்கும் அதற்கும் பத்தடி தூரம், மணி வருவதோ கடல் தாண்டி.

இந்த இடைச் சேவைதான் நிறுவனங்கள் கையில் வைத்திருக்கும் பிடி. மேட்டர்மோஸ்ட் அதைப் பரிசோதனைச் சேவை என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது, ஆனால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உத்தரவாதம் உள்ள சேவை கட்டணச் சந்தாவோடு வருவது. ராக்கெட்சாட்டின் இலவசப் பயன்பாட்டில் மாதத்திற்கு இத்தனை அறிவிப்புகள் என்று உச்சவரம்பு உண்டு. ஜூலிப்பில் 10 பேர் வரை இலவசம், அதற்கு மேல் அலுவலகங்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். கட்டற்ற மென்பொருள் குழுக்கள் போன்றவற்றுக்குச் சலுகை உண்டு. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை, நிரல் எழுதுபவர்களுக்கும் மாதச் சம்பளம் வேண்டும். ஆனால் ஒப்பீட்டுப் பட்டியல்களில் இது கடைசி வரியில், பொடி எழுத்தில் இருக்கிறது. அலுவலகத்தைப் பொறுத்தவரை, மணி அடிக்காத உரையாடல் செயலி ஒரே வாரத்தில் செத்துவிடும், எல்லோரும் வாட்ஸ்அப்பிற்குத் திரும்பிவிடுவார்கள்.

தப்ப வழிகள் இல்லாமல் இல்லை. செயலியை நாமே நிரலிலிருந்து தொகுத்து, ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டி, நம் திறவுகோலோடு வெளியிடலாம்; ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அதையே திரும்பச் செய்யும் பொறுமை எனக்கு இல்லை. ஆண்ட்ராய்டில் கூகுளைத் தொடாமல் மணியடிக்க யூனிஃபைடுபுஷ் என்ற திறந்த வழி இருக்கிறது, மேட்ரிக்ஸ் என்ற திறந்த உரையாடல் அமைப்பின் எலிமென்ட் செயலி அதை ஏற்கிறது. எக்ஸ்.எம்.பி.பி. உலகில் கான்வர்சேஷன்ஸ் போன்ற செயலிகள் கூகுளை நம்பாமல் சர்வரோடு தாமே இணைப்பில் இருக்கின்றன. 1999இல் ஜாபர் என்ற பெயரில் பிறந்த அந்த நெறிமுறையின் மேல் எனக்கு இன்றும் தனிப் பிரியம் உண்டு, குறைந்த நினைவகத்தில் அத்தனை அடக்கமாக ஓடும். ஆனால் அலுவலகத்தில் பாதிப் பேர் ஐபோன் வைத்திருக்கும்போது என் பிரியம் உதவாது.

மணிக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது, இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை. மேட்டர்மோஸ்ட் பிறந்த கதை சுவையானது. ஒரு கணினி விளையாட்டு நிறுவனம், தான் பயன்படுத்திய உரையாடல் சேவை கைமாறித் தரம் கெட்டு, சந்தாவை நிறுத்தினால் தன் பழைய செய்திகளையே எட்ட முடியாத நிலை வந்தபோது, தனக்கென்று எழுதிக்கொண்டதை 2015இல் பொதுவில் வெளியிட்டது. அப்படிப் பிறந்த மென்பொருளிலும், அலுவலகக் கணக்குப் பட்டியலோடு இணைத்து ஒரே கடவுச்சொல்லில் நுழையும் வசதி இலவச டீம் பதிப்பில் இல்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப்பின் கணக்கு வழியாக நுழையும் வசதி மட்டும் நெடுங்காலம் அதில் இருந்தது, 2025இல் வந்த 11ஆம் பதிப்பில் அதுவும் எடுக்கப்பட்டது. ஜூலிப்பின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. 2012இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2014இல் கோப்புச் சேமிப்பு நிறுவனமான டிராப்பாக்ஸ் வாங்கியது; 2015 செப்டம்பரில் மூலநிரல் முழுவதும், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த இடம் தரும் அப்பாச்சி உரிமத்தில் வெளியிடப்பட்டது. அவர்கள் தம் சொந்தச் சேவையில் ஓட்டுவதும் நாம் நிறுவுவதும் ஒரே நிரல்தான். காசு கேட்பது இடைச் சேவைக்கும் உதவிக்கும் மட்டுமே. பூட்டிய அறை இல்லாத வீட்டில் வாசலில் நுழைவுக் கட்டணம் கேட்டால் எனக்குச் சம்மதம். வீட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டுச் சமையலறையைப் பூட்டினால் சம்மதமில்லை. இது என் ருசி, வேறு விதமாக எண்ணுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மேட்ரிக்ஸைப் பரிந்துரைக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் கோபிப்பார்கள். ஒருவரின் சர்வரும் இன்னொருவரின் சர்வரும் மின்னஞ்சலைப் போலத் தமக்குள் பேசிக்கொள்ளும் அந்த அமைப்பு, 2014இல் வெளிவந்தது முதல் இத்துறையின் மிகப் பெரிய சிந்தனை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்கான டிசாப் செயலியை அதன் மேல்தான் கட்டியிருக்கிறது, ஜெர்மன் இராணுவமும் அதையே பயன்படுத்துகிறது, ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2020இல் தன் ஐ.ஆர்.சி. சர்வரை மூடிவிட்டு அங்கே போனது. பல அலுவலகங்கள், பல ஊர்கள், ஒருவரை ஒருவர் முழுதாக நம்பாத பல துறைகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் அதுவே சரி. எங்கள் 40 பேருக்கு அது பெரிய சட்டை. பேசிக்கொள்பவர்கள் மட்டுமே செய்தியைப் படிக்க முடிகிற முனைக்கு முனை மறையாக்கத்தின் மீட்புச் சாவியைப் பத்திரமாக எழுதி வைக்கச் சொன்னபோது, எங்கள் மூத்த வரைவாளர் அதைக் கணினித் திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைத்தார். சோதனை ஓட்டம் அன்றோடு முடிந்தது.

ராக்கெட்சாட்டைச் சோதித்தபோது தவறு என் இயந்திரத்தில் இருந்தது. அதன் தரவுத்தளமான மோங்கோடிபி, 5.0 பதிப்பிலிருந்து, கணினியின் சிபியுவில் ஏ.வி.எக்ஸ். என்ற கட்டளைத் தொகுதி இருந்தால்தான் ஓடும். அலுவலகத்தின் பழைய கணினியை சர்வராக்கும் சிக்கனத்தில் இருந்த நான், இரண்டு மாலைப் பொழுதுகளை அந்தப் பிழைச் செய்தியோடு கழித்துவிட்டுத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். மூலையில் கிடக்கும் கணினியை எடுத்து ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஜூலிப்பை நாங்கள் எடுத்ததற்கு உரிமம் மட்டும் காரணமில்லை. அதில் ஒவ்வொரு சேனலுக்குள்ளும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்பு இருக்கும். வாடிக்கையாளர் பெயரில் சேனல், வரைபட எண் தலைப்பாக. மூன்று நாள் விடுப்பில் போனவர் திரும்பி வந்து, தமக்குத் தேவையான நான்கு வரைபடங்களின் பேச்சை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போகலாம். ரஸ்ட் என்ற நிரல்மொழியை உருவாக்குபவர்கள் அதில் பேசுவதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் பழகிய கைக்கு, தலைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பேசுவது செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் போவதைப் போன்ற சங்கடம். முதல் இரண்டு மாதங்கள் இடம் மாறி விழுந்த செய்திகளைச் சரியான தலைப்புக்கு நகர்த்துவதே என் வேலையாக இருந்தது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தேடலைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த மென்பொருட்கள் இயல்பாக ஆங்கிலச் சொல்லிறுதிகளை மனத்தில் கொண்டே தேடுகின்றன. "வரைபடம்" என்று தேடினால் "வரைபடத்தை அனுப்புங்கள்" என்ற செய்தி அகப்படாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 12ஆம் பதிப்பு முதல் தமிழ்ச் சொற்களின் விகுதியை நீக்கிப் பார்க்கும் அமைப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் உரையாடல் மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொண்டால்தானே. ஜூலிப்பில் பிஜிரூங்கா (PGroonga) என்ற இணைப்பைச் சேர்த்துக்கொண்டால் பிற மொழிகளிலும் தேடலாம். நாங்கள் சேர்த்தபின் "வரைபட" என்று மட்டும் தட்டித் தேடப் பழகிக்கொண்டோம்.

பேக்கப் பற்றி ஒரு வாக்குமூலம். நிறுவிய ஆறாம் மாதத்தில் எங்கள் வன்தட்டு போனது. தினமும் இரவு தரவுத்தளத்தைப் படியெடுத்து வேறு இடத்தில் வைத்திருந்தேன் என்ற தைரியத்தில் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டேன், செய்திகள் அத்தனையும் வந்தன. இணைத்து அனுப்பிய கோப்புகள் தரவுத்தளத்தில் இருப்பதில்லை, தனி அடைவில் (ஃபோல்டரில்) இருப்பவை. அந்த அடைவை நான் படியெடுக்கவே இல்லை. "இறுதி வரைபடம் இணைப்பில்" என்ற செய்தி இருந்தது, இணைப்பு இல்லை. ஜூலிப்பிலேயே இரண்டையும் சேர்த்துப் படியெடுக்கும் கட்டளை இருக்கிறது. அதைப் படிக்காமல் என் சொந்த ஸ்கிரிப்டை நம்பியது என் தவறு. இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, வேறொரு கணினியில் முழுவதையும் மீட்டுப் பார்த்து, ஏதாவது ஒரு பழைய வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

அறிவிப்புக் கட்டணத்தை நிறுவும் முன்பே முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். இருந்தாலும் முதல் பில் வந்த அன்று கூப்பிட்டுவிட்டார். "ஏனுங்க தம்பி, சர்வரு நம்முளுது, சாப்ட்வேரு இலவசம்னுதானுங்க சொன்னீங்க? அப்பறம் இதென்னங்க பில்லு?" என்றார். மணிக்குத்தானுங்க என்றேன். ஆப்பிள், கூகுள், நடுவில் ஒரு நிறுவனம் என்று காகிதத்தில் படம் வரைந்து காட்டியதும் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கைபேசியில் மட்டும் அந்தச் செயலி இன்னும் இல்லை. மாலை போண்டாவா பஜ்ஜியா என்பதை இன்றுவரை வாட்ஸ்அப் குழுவில்தான் கேட்கிறார்.