ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் இல்லையா?

"நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் இதயத்துக்கும் மூளை நரம்புக்கும் டாக்டரே கிடையாது, சென்னைக்குத்தான் போகணும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. அங்கே உயர் சிறப்பு சிகிச்சைக் கட்டடமே தனியாக இருக்கிறது. 2019 ஜனவரி 27 அன்று, மதுரை, தஞ்சாவூரில் கட்டிய இதே போன்ற கட்டடங்களோடு திறக்கப்பட்டது. இதயம், நரம்பியல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் துறைகள் உண்டு.

அரசு மருத்துவமனைகளில் காலிப் பணியிடங்கள் இருப்பது உண்மைதான், கேட்கவும் வேண்டும். ஆனால் காலியிடம் வேறு, துறையே இல்லை என்பது வேறு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை நம்பி ஒருவர் யோசித்தால், போவது உயிர். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.