புதுப் போதகரின் முதல் நத்தார்

மாற்றலாகி மட்டக்களப்புப் பக்கம் வருகிற போதகர்மாருக்கு ஒரு வார்த்தை. முதல் நத்தாரில் புதுசு ஒன்றும் வேண்டாம். போன வருசத்து நிகழ்ச்சி நிரலை சபைக் காரியம் பார்க்கும் உக்கிராணக்காரரிடம் வாங்கி, நேரத்தைக்கூட மாற்றாமல் நடத்துங்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய ஊர் இது. கரோல் எப்படிப் பாடுவதென்று இவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கரோல் போகிற வீடுகளின் பட்டியலைப் போட முன்னம், அடக்கப் பதிவேட்டைத் திறவுங்கள். கடந்த 12 மாதத்தில் சாவு நடந்த வீடுகளைக் குறியுங்கள். வருசம் திரும்பாத வீட்டு வாசலில் டோலக்கோடு போய் நிற்கக்கூடாது. முந்திய வாரமே பகலில் போதகரம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், ஜெபித்துவிட்டு, "பிள்ளைகள் வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

ஒரு வீட்டுக்குப் பாட்டு, வசனம், ஜெபம், நடை எல்லாம் சேர்த்து 10 நிமிசம். மாலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் 8 மணிக்குள் 12 வீடு. தேத்தண்ணி கடைசி வீட்டில் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுச்சாமம் ஆகும். ஈரத்தில் டோலக்கின் தோல் தளர்ந்து சத்தம் செத்துவிடும், பொலித்தீன் உறை அவசியம். கடதாசிக் கப்பில் மெழுகுதிரி பிடித்தால் வாடைக்காற்றில் இரண்டாம் வீட்டிலேயே அணைந்துவிடும். கண் உள்ள சிரட்டைப் பாதியை எடுத்து, மெத்துக் கண்ணைக் குத்தித் திறந்து, திரியை அடியிலிருந்து செருகுங்கள். காற்றும் படாது, மெழுகும் கையில் வடியாது. சுடர் சிரட்டைக்குள் ஆழமாக இறங்கினால் அணைத்துவிட வேணும், ஓடு கருகும்.

காணிக்கை குறைவாக வந்தால் சபையைக் கடிந்துகொள்ளாதீர்கள். மார்கழியில் விவசாயியின் காசு பெரும்போக வயலுக்குள் கிடக்கும், வெட்டு தை கடந்துதான். கடல் கொந்தளிப்பில் தோணியும் கரையில். கட்டட நிதிக்கு இலக்கு வைப்பதானால் பங்குனியில் வையுங்கள்.

பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்குப் பிரண்டி ஊற்றிய நத்தார் கேக்கை அனுப்பிவிடாதீர்கள். பழத்தட்டு போதும். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நகரம் இது. ஆராதனை நேரங்களை எழுதிப் பொலிசில் முன்கூட்டியே கொடுங்கள். வாசலில் சபையாரின் முகம் தெரிந்த இருவரை நிறுத்துங்கள், வயதானவர்களின் பையைக் கிண்டுகிற சங்கடம் குறையும்.

எல்லாவற்றையும் விடக் கவனம் வேண்டியது 26ஆம் திகதி. 2004இல் சுனாமி வந்தது நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கல்லடியிலும் நாவலடியிலும் பெரியகல்லாற்றிலும் நத்தார் என்றாலே அடுத்த நாளும் சேர்ந்துதான் மனதில் வரும். ஆகவே 25 இரவு கலைநிகழ்ச்சி வைக்காதீர்கள். 26 காலை 9.25க்கு நாடெங்கும் 2 நிமிச மௌனம். குருக்களும் மௌலவியும் நிற்கிற நினைவிடத்துக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். 9 மணிக்கே போய் நில்லுங்கள். பேசச் சொன்னால் சுருக்கமாக ஜெபியுங்கள். "ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்" என்று மைக்கில் சொல்லவே சொல்லாதீர்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் முன்வரிசையில் நிற்பாள். அவளுக்கு அது எப்படிக் கேட்கும்?

சொந்த ஊர்ப் பயணத்தை ஆண்டிறுதி ஆராதனையும் புதுவருசத் தொடக்கத்து உடன்படிக்கை ஆராதனையும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.