நிறுத்திய டேட்டாபேஸ் எழுந்துவிடும்

கிளவுடுக்கு மாறினாலே டேட்டாபேஸ் செலவு குறையும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. நாகர்கோவிலில் ஒரு சின்ன அலுவலகத்தில் இந்தக் கணக்கைப் பார்ப்பவன் நான். ஆரக்கிள் என்டர்பிரைஸ் டேட்டாபேஸுக்கு நாம் வாங்கிய லைசென்ஸை அமேசான் கிளவுடுக்குக் கொண்டுபோனால், ஹைப்பர்த்ரெடிங் (பிராசஸரின் ஒரு கோரை இரண்டாகக் காட்டுவது) இருக்கும்போது 2 விசிபியுவுக்கு (கிளவுடில் எண்ணும் மெய்நிகர் பிராசஸருக்கு) ஒரு லைசென்ஸ். சொந்த இன்டெல் சர்வரில் கிடைக்கும் 0.5 கோர் ஃபேக்டர், அதாவது ஒரு கோருக்கு அரை லைசென்ஸ் என்ற கணக்கு, அங்கே செல்லாது. இங்கே 2 லைசென்ஸில் ஓடிய 4 கோர், அங்கே 8 விசிபியு ஆகி 4 லைசென்ஸ் கேட்கும்!

அப்புறம் டெஸ்ட் மெஷின்கள். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸை நிறுத்தினாலும் 7 நாளில் தானாக எழுந்துவிடும். ஓணத்துக்கு லீவு போட்டு, பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, பில்லும் சேர்த்துத்தான். இப்போது ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரை டேக்காகப் போடுகிறோம். பெயர் இல்லாததை வெள்ளிக்கிழமை அழித்துவிடுவேன்.