அழுகின வேர் யார் கண்ணுக்குத் தெரியும்?

இன்னும் எத்தனை ஐப்பசி கார்த்திகைக்கு இதே கூத்து? டெல்டாவில் சம்பா நெல் மூழ்குகிறது, நிவாரணத்துக்குக் கணக்கெடுப்பு என்று அறிவிக்கிறார்கள், வயலுக்கு ஆள் வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடுகிறது. வரப்பில் நின்று பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும். உடனே பாதிப்பு 33 சதவீதத்துக்குக் கீழே, நிவாரணம் கிடையாது என்று எழுதிவிடுவதா? ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள் ஐயா! வேர் கறுத்து, நாற்றத்தோடு கையோடு வரும். பத்து நாளில் அந்தப் பச்சையும் பழுத்துச் சாயும். அதற்குள் பட்டியல் கலெக்டர் ஆபீஸ் போயிருக்கும்.

பட்டியலில் ஏறிவிட்டால் மட்டும்? நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டா, எந்த வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல், எல்லாம் கேட்பார்கள். அடங்கலில் இந்தப் பருவத்துப் பயிர் ஏறவில்லையென்றால் நட்ட வயலும் தரிசுதான். பட்டா இறந்துபோன தாத்தா பேரில் கிடக்கும். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவருக்குப் பட்டாவே கிடையாது. உழுதது, நட்டது, கடன்பட்டது எல்லாம் அவர்தானே? வங்கிகள் இணைந்ததில் கிளையின் ஐஎஃப்எஸ்சி நம்பர் மாறியிருக்கும், பழைய நம்பரைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும். அதைச் சரிசெய்ய எத்தனை நாள் அலைவது?

இவ்வளவுக்கும் 2024-இல் அறிவித்தது ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஒரு மாவுக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, பிரித்தால் 2,300கூட இல்லை. உழவு, நாற்று, நடவு, களை, உரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இதுதானா? அந்தப் பணமும் தை தாண்டி, நகைக்கடன் வட்டி ஏறின பிறகுதான் வர வேண்டுமா?