டாஸ்மாக் 10 ரூபாய் வரி அல்ல, டெபாசிட்

"பாட்டிலுக்கு 10 ரூபாய் புது வரி போட்டாச்சு, திரும்ப வராது, காலி பாட்டிலை எங்கே வேணா வீசுங்க" என்று பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்புங்க.

அது வரியே இல்லை. காலி பாட்டிலைக் கடையில் கொடுத்தால் அதே 10 ரூபாய் கைக்கு வரும். காட்டோரம் கிடக்கும் உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்பதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய ஏற்பாடு இது. பிறகு கோவைக்கும் வேறு மாவட்டங்களுக்கும் வந்தது.

சோடா பாட்டிலுக்கு டெபாசிட் கட்டிய தலைமுறைக்கு இது புதுசா என்ன? "வீசாதீர்" என்ற பலகையை யாரும் படிப்பதில்லை. வீசினால் தன் காசு போகும் என்றால் ஓங்கிய கை இறங்கிவிடுகிறது. மறந்து விட்டுப்போனாலும், பொறுக்கி வருபவருக்கு அது கூலி.

சந்தேகம் இருந்தால் பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள், கடையில் கேளுங்கள். பணம் தர மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் எழுதிக் கொடுக்கலாம். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீங்க.